பத்து நிமிஷத்துல வீடு

தப்பா நினைக்காதீங்க சார். ஒட்டுக் கேக்கணும்னு கேக்கல. ஒரே சீட்டுல ஒக்காந்திருக்கோம், நீங்க போன்ல பேசறது என் காதுல விழாம எங்க போகும்? மெட்ராஸ்லேருந்து குடும்பத்தோட திருச்சிக்கே வந்துடறதா சொன்னீங்க இல்ல? கம்பெனிக்குப் பக்கத்துலயே வீடு பாத்து, நடந்தே போயிட்டு வந்துடலாம்னு சொன்னீங்க இல்ல? அதைக் கேட்டதுலேருந்து எனக்கு வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. ஏன்னா நானும் அப்படி வந்தவன்தான் சார். போன மே மாசம், குடும்பத்தோட, சாமான் செட்டோட.

துவாக்குடிதானே போறீங்க? நானும் துவாக்குடிதான். இந்த பஸ்காரன் மெதுவாத்தான் போவான். காந்தி மார்க்கெட் தாண்டவே இருபது நிமிஷம் ஆக்கிடுவான். ஜன்னல் ஓரம் நீங்க ஒக்காருங்க சார், பரவால்ல, நான் தினமும் ஒக்கார்றவன்.

பேரு ஏகாம்பரம். மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி ஒண்ணுல டிஸ்பாட்ச் செக்ஷன். இருபத்திரெண்டு வருஷம். மெட்ராஸ்ல குடோன் துரைப்பாக்கத்துல. வீடு எங்கன்னு கேளுங்க. திருநின்றவூர். சிரிக்கறீங்க பாத்தீங்களா? மெட்ராஸ் தெரிஞ்சவங்க எல்லாரும் இந்த இடத்துல சிரிப்பாங்க. வாங்கற சம்பளத்துக்கு அங்கதான் வீடு கிடைச்சுது. காலைல ஆறு பத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். லோக்கல் ட்ரெயின்ல சென்ட்ரல், ரோட்டைத் தாண்டி பார்க் டவுன், அங்கேருந்து பறக்கும் ரயில்ல திருவான்மியூர், அங்கேருந்து ஷேர் ஆட்டோ. ரெண்டே கால் மணி நேரம். சாயங்காலம் அதே கதை, கூட்டம் மட்டும் ரெண்டு மடங்கு. ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம் சார். பதினாலு வருஷம். சும்மா ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாத்தேன், வேணாம்னு பாதில விட்டுட்டேன். மனசு கெட்டுப் போச்சு.

வீட்டுக்கு வரும்போது ஒன்பதே கால் ஆகும். ஆனா ஒண்ணு சொல்லணும், அமுதா என்னை ஒரு நாளும் பட்டினி போட்டதில்ல. அமுதா என் சம்சாரம், அமுதவல்லி. எங்களுக்குள்ள ஒரு வழக்கம். ட்ரெயின் ஆவடி தாண்டினதும் நான் ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். அவ தோசைக்கல்லை அடுப்புல வெப்பா. நான் உள்ள நுழையும்போது முதல் தோசை தட்டுல விழும். வெந்நீர் ரெடி, லுங்கி ரெடி. பொண்ணு தாரிணி புஸ்தகம் வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பா, பையன் லோகேஷ் ஹோம்வொர்க் எழுதிக்கிட்டு இருப்பான். டிவி ஓடாது. வீடு அப்படியே துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும். தாரிணி தண்ணி கொண்டாந்து குடுப்பா. அமுதா "ரொம்பக் கூட்டமா?"ன்னு கேப்பா. நான் "ஆமா"ம்பேன். பத்து மணிக்குத் தூங்கிடுவேன். பாத்தீங்களா, மனுஷன் இல்லாட்டாலும் வீடு எவ்வளவு ஒழுங்கா ஓடுச்சுன்னு? அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். இவ்வளவு நல்ல வீடு, நான் மட்டும் அதுல இல்லியேன்னு.

ஒரு தடவை புயல்னு லீவு விட்டாங்க. ட்ரெயின் இல்ல. காலைல பேப்பர் படிச்சிக்கிட்டு ஹால்ல ஒக்காந்திருக்கேன். லோகேஷ் எழுந்து வந்தான், என்னைப் பாத்தான், நேரா சமையல்கட்டுக்குப் போனான். "அம்மா, அப்பா இன்னும் போகலியா?"ன்னு கேக்கறான். பேப்பரை மடிச்சு வெச்சிட்டேன் சார். புள்ளைக்கு அப்பா மேல எவ்வளவு ஏக்கம் இருந்தா அப்படிக் கேப்பான்! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், எங்கயாவது கிட்டத்துல வேலை, கிட்டத்துல வீடு, சின்ன ஊரா இருந்தாலும் சரி.

கடவுளாப் பாத்துத்தான் கம்பெனி திருச்சில டிப்போ தொறந்தாங்க. யாரு போறீங்கன்னு மேனேஜர் கேட்டார். நான் கை தூக்கினப்போ இன்னொரு கை மேல போகல. தில்லைநகர்ல டிப்போ. உறையூர்ல வீடு. மாடி வீடு சார், ரெண்டு ரூம், ஒரு பால்கனி, குழாயைத் தொறந்தா காவேரி. வாடகை அங்க குடுத்ததுல பாதி. வண்டியில பத்து நிமிஷம். சிக்னல் விழுந்தா பன்னெண்டு.

வீட்ல சொன்னேன். மூணு பேரையும் ஒக்கார வெச்சு, ஒரு பேப்பர்ல போட்டுக் காமிச்சேன். இங்க இவ்வளவு நேரம், அங்க இவ்வளவு நேரம், மிச்சம் நாலு மணி நேரம். அமுதா பேப்பரைப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம், "அப்ப நீங்க சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவீங்க?"ன்னா. "அஞ்சே முக்கால்"னேன். "தினமுமா?"ன்னா. "தினமும்!"னேன். அவ பேப்பரை வாங்கி மறுபடியும் கூட்டிப் பாத்தா. சந்தோஷம்னா சந்தோஷம் அப்படி. பத்தொன்பது வருஷமா அந்த மாதிரி அவ முகத்தைப் பாத்ததில்ல.

ஒண்ணு மறந்துட்டேன். அமுதா ப்ளவுஸ் தைப்பா. திருநின்றவூர்ல அவ கைக்கு ரொம்பப் பேரு. கைக்குழி தூக்காது, முதுகு சுருங்காது. தெருவே அவகிட்டதான். கிளம்பற அன்னிக்கு பதினஞ்சு இருபது பொம்பளைங்க வந்து ஒரே அழுகை. எனக்கு அதுல பாதிப் பேர் யாருன்னே தெரியாது. நான் சொன்னேன், "அழாதீங்கம்மா, இனிமே அவளுக்கு வீட்டுல நான் இருப்பேன், தொணைக்கு"ன்னு. அதுல ஒரு அம்மா இன்னும் ஜாஸ்தியா அழுதாங்க.

மார்க்கெட் வந்துருச்சு. இப்ப பாருங்க, நெரிசலை. இதெல்லாம் ஒரு நெரிசலா சார்? சென்ட்ரல்ல எட்டு மணி வண்டில ஏறினவனுக்கு இதெல்லாம் தேர்ல போற மாதிரி.

சரி, வந்தோம். முதல் நாள் அஞ்சே முக்காலுக்கு வீட்டு வாசல்ல நிக்கறேன். வெயில் இன்னும் அடிக்குது சார்! என் வீட்டுக்குள்ள நான் வெயிலோட நுழைஞ்சதே இல்ல, ஞாயித்துக்கிழமை தவிர. ஹால்ல ஒக்காந்தேன். காப்பி வந்துச்சு. குடிச்சேன். மணி ஆறு. அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல. சரி, இத்தனை வருஷம் வீட்டுக்குன்னு ஒண்ணுமே செஞ்சதில்லியே, செய்வோம்னு ஆரம்பிச்சேன்.

எங்க தொழில்ல ஒரு சட்டம் இருக்கு. எது முதல்ல காலாவதி ஆகுமோ அது முன் வரிசைல நிக்கணும், புதுசு பின்னாடி. அமுதாவோட சமையல்கட்டைப் பாத்தா எல்லாம் தலைகீழ். பழைய மிளகாப்பொடி பின்னாடி, புதுசு முன்னாடி. தனியாப்பொடி டப்பால ரசப்பொடி. ஒரே சாயங்காலத்துல எல்லாத்தையும் இறக்கி, துடைச்சு, ஒவ்வொரு டப்பாலயும் தேதி எழுதி சீட்டு ஒட்டி, வரிசையா அடுக்கிட்டேன். அமுதா வாசப்படில நின்னு பாத்தா. அவ சுபாவமே அப்படி, வாய் விட்டுப் பாராட்ட மாட்டா. ஒரு வாரத்துல சீட்டெல்லாம் காணோம். எண்ணெய்க் கை பட்டு உரிஞ்சிருக்கும். மறுபடி ஒட்டினேன். மறுபடி உரிஞ்சுடுச்சு. திருச்சில அந்தப் பசை சரியில்ல.

புள்ளைங்களையும் கவனிச்சேன். தாரிணி இப்ப பிளஸ் ஒன். சாயங்காலம் அம்மா மிஷின் பக்கத்துல கீழ ஒக்காந்துக்கிட்டு, நூல் பிரிச்சிக்கிட்டே என்னமோ பேசிக்கிட்டு இருப்பா. என்ன பேசறாங்கன்னு போய்க் கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க. ரெண்டு பேரும் அப்புறம் பேசமாட்டாங்க. வெட்டிப் பேச்சுக்கு பதிலா படிக்கலாமேன்னு கெமிஸ்ட்ரி புஸ்தகத்தை வாங்கி நான் கேள்வி கேக்க ஆரம்பிச்சேன். தினமும் ஆறரை டு ஏழரை. எனக்கு மருந்துப் பேரெல்லாம் அத்துப்படி, கெமிஸ்ட்ரி நமக்குக் கஷ்டமில்ல. லோகேஷுக்கு கையெழுத்து. ரெண்டு பக்கம் எழுதினப்புறம்தான் விளையாட்டு. எல்லாம் அவங்க நல்லதுக்குத்தானே?

அமுதா ஜூன் மாசத்துல ஒண்ணு சொன்னா. "என்னங்க, ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால் குடுங்க"ன்னா. "ஏண்டி, பத்து நிமிஷத்துக்கு எதுக்கு மிஸ்டு கால்?"னேன். "தோசைக்கல்லு காய வேணாமா?"ன்னா. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு யாரு சார் தோசை சாப்பிடறது? இருந்தாலும் பழைய வழக்கத்தை அவ மறக்கல பாத்தீங்களா, அதுதான் பாசம்னு நினைச்சேன். தினமும் குடுத்தேன். நான் வண்டியை நிறுத்தும்போது படில ரெண்டு மூணு பொம்பளைங்க வேக வேகமா இறங்கி வருவாங்க. துணி குடுக்க வந்தவங்க. "வாங்க வாங்க, ஏன் கிளம்பிட்டீங்க, ஒக்காருங்க, நான் ஒண்ணும் வேத்து ஆள் இல்ல"ம்பேன். "இல்லண்ணே, அப்புறம் வரோம்"னு போயிடுவாங்க. இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி சார். வேலைக்குப் போறவங்க எல்லாம் சாயங்காலம்தான் அளவு குடுக்க வருவாங்க. நான் ஹால்ல பேப்பரோட ஒக்காந்திருப்பேன். மிஷினும் ஹால்லதான். வாசல் வரைக்கும் வருவாங்க, எட்டிப் பாப்பாங்க, "அக்கா, நாளைக்கு வரேன்"ம்பாங்க. நாளைக்கும் நான் இருப்பேன். ஆவணி மாசம், கல்யாண சீசன், அவ மிஷின் போர்வை போட்டு மூடிக் கெடந்துச்சு. திருச்சில தொழில் எடுபடலியேன்னு வருத்தப்பட்டா. நான் தேத்தினேன். "விடு, அதான் நான் இருக்கேன்ல"ன்னேன்.

அப்புறம் பாருங்க, ஒவ்வொருத்தருக்கா ஒவ்வொரு வேலை வந்துடுச்சு. தாரிணி ட்யூஷன் போகணும்னா. கெமிஸ்ட்ரிக்கு. நான் இருக்கேனேன்னேன். "இல்லப்பா, எல்லாரும் போறாங்க"ன்னா. ஆறு டு எட்டு. லோகேஷ் சிலம்பம் கத்துக்கறேன்னான். ஆறு டு எட்டு. அமுதாவுக்குத் திடீர்னு பக்தி. பத்தொன்பது வருஷத்துல வெள்ளிக்கிழமை விளக்கேத்தினதோட சரி, கோயில் குளம்னு போனவ இல்ல. இங்க வந்து தினமும் வெக்காளி அம்மன் கோயில். ஆறு மணிக்குப் போனா ஏழே முக்கால். நானும் வரேன்னு ஒரு நாள் கூடப் போனேன். உள்ள போய் அஞ்சு நிமிஷம் கும்பிட்டுட்டு, வெளிய மண்டபத்துல ஒக்காந்துட்டா. ஒண்ணே முக்கால் மணி நேரம். அம்மனைக் கூட பாக்கல. ரோட்டைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. "போலாமா?"ன்னு நான் நாலு தடவை கேட்டேன். மறுநாள்லேருந்து, "உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல், ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லிட்டா.

ரெஸ்ட் எடுத்தேன். ஆறு மணிலேருந்து எட்டு மணி வரைக்கும் அந்த வீட்ல நானும் ஒரு பல்லியும். நாலு மணி நேரத்தை மிச்சம் பிடிச்சுக் கொண்டாந்து வெச்சேன் சார், அதைத் தின்ன ஆள் இல்ல. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்கு? படிக்கப் போறா, சிலம்பத்துக்குப் போறான், கோயிலுக்குப் போறா. எதைத் தப்புன்னு சொல்ல முடியும்?

அரியமங்கலம். மூக்கைப் பிடிச்சுக்குங்க, குப்பை மேடு. காத்து அந்தப் பக்கமா அடிச்சா தெரியாது.

ஐப்பசியில ஒரு நாள் டிப்போல சரக்கு இருப்பு எடுத்தோம். முடிய எட்டேகால் ஆயிடுச்சு. வீட்டுக்கு வரேன், எட்டரை. கதவு தொறக்குது. தாரிணி தண்ணி சொம்போட நிக்கறா. லோகேஷ் பையை வாங்கிக்கறான். அமுதா, "என்னங்க இவ்வளவு நேரம், ரொம்ப வேலையா, முகமே வாடிப் போச்சே"ங்கறா. தோசை சொய்ங்னு ஊத்தறா. மூணு பேரும் என்னைச் சுத்தி ஒக்காந்துக்கிட்டு, லோகேஷ் சிலம்பத்துல எவனோ கால்ல அடிச்சதைச் சொல்லிச் சிரிக்கறான். அப்படியே திருநின்றவூர் சார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அஞ்சாறு மாசத்துல அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.

மறுநாள் அஞ்சரைக்கு வேலை முடிஞ்சுது. வண்டியை எடுத்தேன். உறையூர் பக்கம் திரும்பணும். திரும்பல. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்டாண்டுல வண்டியைப் போட்டுட்டு, அங்க நின்ன பஸ்ல ஏறிட்டேன். எங்க போகுதுன்னு கூடப் பாக்கல. துவாக்குடி. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வீட்டுக்குப் போகும்போது எட்டரை. "இன்னிக்குமா?"ன்னா அமுதா. "ஆமா, இனிமே இப்படித்தான், வேலை ஏறிப் போச்சு"ன்னேன். "ஐயோ பாவம்"னா.

ஆமா சார். துவாக்குடில எனக்கு ஒரு வேலையும் இல்ல. போய் ஒரு டீ குடிச்சிட்டு இதே வண்டியில திரும்பிடுவேன். அப்படிப் பாக்காதீங்க. பழக்கம்தான் காரணம். பதினாலு வருஷம் ஆடி ஆடி வந்த ஒடம்பு, ஒரேயடியா நிறுத்தினா ஒத்துக்குமா? காத்து வாங்கற மாதிரி ஆச்சு, கால் நீட்டின மாதிரி ஆச்சு. அந்தக் கண்டக்டர் முதல் வாரம் ஒரு மாதிரி பாத்தார். இப்ப பொங்கலுக்கு காலண்டர் குடுத்திருக்கார்.

அதிசயம் என்னன்னா, நான் லேட்டா வர ஆரம்பிச்சதுலேருந்து வீடு நல்லாயிடுச்சு. தாரிணிக்குப் பாடம் எல்லாம் புரிஞ்சுடுச்சாம், ட்யூஷனை நிறுத்திட்டா. அமுதாவுக்கு அம்மன் மேல இருந்த பக்தி கொஞ்சம் குறைஞ்சுடுச்சு. மிஷின் மேல போர்வை இல்ல. தீபாவளிக்கு நாப்பது ப்ளவுஸ் தைச்சா சார்! உறையூர் முழுக்க அவ பேருதான் இப்ப. எல்லாம் ஊர் பழகப் பழக சரியாகும்னு நான் முதல்லயே சொன்னேன்ல? உங்க வீட்டம்மாவுக்கும் சொல்லுங்க. ஆறு மாசம் பொறுத்துக்கணும்.

காட்டூர் தாண்டிட்டோமா? அதுக்குள்ள வந்துட்டான். என்னிக்கும் இல்லாத வேகம் இன்னிக்கு.

ஒரு விஷயம் சொல்லணும் சார். யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க இறங்கிப் போயிடுவீங்க, உங்ககிட்ட சொல்லலாம். கார்த்திகை மாசத்துல ஒரு நாள் மதியத்துலேருந்து எனக்குக் காய்ச்சல். மேனேஜர் நாலரைக்கே போகச் சொல்லிட்டார். பஸ்ஸுல ஏற ஒடம்பு தாங்காது. வீட்டுக்கே போயிட்டேன். மிஸ்டு கால் குடுக்கல, கையே தூக்க முடியல. மாடிப்படி ஏறினா, வாசல்ல பொம்பளைங்க செருப்பு, ஒரு ஏழெட்டு ஜோடி. கதவு சாத்தியிருக்கு. உள்ள ஒரே சிரிப்பு. தாரிணி கொரல் கேக்குது. ஆனா தாரிணி கொரல் மாதிரி இல்ல. தொண்டையைச் செருமிக்கிட்டு, "யாரு வந்தா? எதுக்கு வந்தா? இந்த ரவிக்கை தேதி என்ன? பழசு முன்னாடி, புதுசு பின்னாடி!"ங்கறா. நான் சார். என்னை மாதிரியே பேசிக் காமிக்கறா. கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கற சத்தம் கூடக் கேட்ட மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் விட்டிருந்தா நானே சிரிச்சிருப்பேன், அவ்வளவு நல்லா செய்யறா. லோகேஷ் உருண்டு சிரிக்கறான். பொம்பளைங்க எல்லாம் சிரிக்கறாங்க. அதுல ஒரு சிரிப்பு மட்டும் தனியாக் கேக்குது, பெரிசா, மூச்சு வாங்கி வாங்கி. யாரு இந்தம்மா, இப்படி மனசு விட்டுச் சிரிக்கறாங்கன்னு யோசிச்சேன். கொஞ்ச நேரம் யோசிச்சேன் சார். அப்புறம்தான் தெரிஞ்சுது. அமுதா.

பத்தொன்பது வருஷத்துல எனக்கு அவ சிரிப்பு தெரியல. காய்ச்சல்ல காதடைச்சதா இருக்கலாம். இருந்தாலும் தெரியல.

சத்தம் போடாம இறங்கிட்டேன். கீழ ஹவுஸ் ஓனர் அம்மா துணி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. "என்ன, வந்துட்டு உடனே போறீங்க?"ன்னாங்க. "ஆபீஸ்ல ஒண்ணு மறந்துட்டேன்"னேன். தெருமுனை டீக்கடைல ஒக்காந்திருந்தேன். மூணு டீ. உள்ள ஒடம்பு கொதிக்குது. எட்டரைக்கு எழுந்து வீட்டுக்குப் போனேன். தாரிணி தண்ணி குடுத்தா. அமுதா நெத்தில கை வெச்சுப் பாத்து பதறிட்டா. கஞ்சி வெச்சா, மிளகு ரசம் வெச்சா, கால் பிடிச்சு விட்டா. பொய் சொல்லக் கூடாது, அவளை மாதிரி கவனிக்க ஆள் கிடையாது.

ஹவுஸ் ஓனர் அம்மா சும்மா இருப்பாங்களா? ரெண்டு நாள் கழிச்சு அமுதா என்கிட்ட வந்து நின்னா. புடவைத் தலைப்பை முறுக்கிக்கிட்டே நிக்கறா. "உங்களுக்குச் சீக்கிரம் வரணும்னு இருந்தா வாங்க. மிஷினுக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு ஸ்கிரீன் போட்டுக்கறேன்"னா. "அதெல்லாம் வேணாம், எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு"ன்னேன். "நெசமாவா?"ன்னா. "நெசமா"ன்னேன். "சரி"ன்னு ஒரு பெருமூச்சு விட்டா. நான் இப்படி உழைக்கறேனேன்னு அவளுக்கு வருத்தம்.

திருவெறும்பூர். இங்க நிறையப் பேர் இறங்குவாங்க. கால் நீட்டிக்குங்க சார்.

சலிப்பா இருக்கு சார். வேற ஒண்ணும் இல்ல, சலிப்பா இருக்கு. மெட்ராஸ்ல சலிப்பா இருந்தா ட்ரெயினைத் திட்டுவேன். இங்க யாரைத் திட்டறது? ரோடு காலியா இருக்கு.

நேத்து மேனேஜர் கூப்பிட்டார். துரைப்பாக்கம் குடோனுக்கு சீனியர் ஆள் ஒருத்தர் வேணுமாம். ரெண்டு வருஷத்துக்கு. குடோன் மாடிலயே ரூம் குடுக்கறாங்களாம். கட்டாயம் இல்ல, உங்க இஷ்டம்னார். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள பதில் சொல்லணும். முடியாதுன்னு அங்கயே சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்கு ஒரு ஆசை சார், வெக்கமாத்தான் இருக்கு சொல்ல. வீட்ல போய்ச் சொல்லணும், மூணு பேரும் வேணாம்னு சொல்லணும், அதைக் காதால கேக்கணும். அவ்வளவுதான். எவ்வளவு பேர் எவ்வளவு கேக்கறாங்க. நான் கேட்டது இவ்வளவுதான்.

நேத்து நைட் சாப்பிடும்போது சொன்னேன். அமுதா ஒரு ப்ளவுஸுக்குக் கொக்கி வெச்சிக்கிட்டு இருந்தா. ஊசி நின்னுடுச்சு. இதோ வேணாம்னு சொல்லப் போறான்னு நிமிந்து பாத்தேன். "தாரிணியை நடுவுல மாத்த முடியாதுங்க, அடுத்த வருஷம் பிளஸ் டூ"ன்னா. "அது சரி, யாரு உங்களை மாத்தறா?"ன்னேன். "அப்ப நீங்க மட்டும்தானே?"ன்னா. "ஆமா, நான் மட்டும்தான். நான்தான் வேணாம்னு பாக்கறேன்"னேன். அவ ஊசியைப் பாத்துக்கிட்டே, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி ஏறினா ராத்திரிக்குள்ள இங்க வந்துடலாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏறினா திங்கக்கிழமை காலைல எழும்பூர். ரொம்பச் சிரமம் இருக்காது"ன்னா. ரயில் நேரமெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியல. லோகேஷ் நடுவுல, "அப்ப அப்பா சனி ஞாயிறு மட்டும்தான் இருப்பாங்களா?"ன்னான். தாரிணி அவனை முறைச்சா. பாவம், சின்னப் புள்ள, அவனுக்கு ஏக்கம்.

"உனக்கு எப்படித் தோணுது?"ன்னு அமுதாவையே கேட்டேன். நேரா கேட்டேன். கொக்கியை வெச்சு முடிச்சா, நூலைப் பல்லால கடிச்சா. "அங்க உங்க வேலை உங்களுக்குப் பழகினது. இங்க வந்துதான் நீங்க ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்க"ன்னா. கண்ணுல தண்ணி நிக்குது சார் அவளுக்கு. பொய்க் கண்ணீர் இல்ல. எனக்காகத்தான் அழறா. அக்கறை இல்லாத பொம்பளையா இருந்தா சண்டையாவது போடலாம். அதுக்கப்புறம் எனக்கு தோசை இறங்கல.

நீங்க எழுந்துக்குங்க சார், துவாக்குடி வந்துருச்சு. கடைசி ஸ்டாப் இதுதான், வண்டி இங்கயே திரும்பிடும். பையை எடுத்துக்கிட்டீங்களா? வீடு பாருங்க, நல்லாப் பாருங்க. தண்ணி நல்லா இருக்கும், ஜனங்க நல்லவங்க. தாராளமா குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் வேணாம்னு சொல்லவே மாட்டேன்.

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்களேன். இல்ல, வேணாம், நீங்க இறங்குங்க. இன்னிக்குக் காலைல ஆபீஸுக்குக் கிளம்பி, கீழ வண்டியை எடுத்துட்டு, சும்மா ஒரு தடவை மேல பாத்தேன். பால்கனில வெயில் நல்லா விழுந்திருந்துச்சு. பரண்லேருந்து என் பெரிய சூட்கேஸை இறக்கி, ஈரத்துணியால துடைச்சு, ரெண்டு பக்கமும் விரியத் தொறந்து காய வெச்சிருக்கா. நான் இன்னும் மேனேஜருக்குப் பதிலே சொல்லல சார்.